கரகரப்பிரியா தெரிந்தவர்களுக்கு டோரியன் பற்றி ஒரு மடல்

கர்நாடக சங்கீதத்தில் சில ஆண்டுகள் பழகிவிட்டு இப்போது ஜாஸ் கற்கத் தொடங்கியிருக்கும் இளம் நண்பர்களுக்கு,



உங்களில் வாய்ப்பாட்டுக்காரர்கள் உண்டு. வயலின், வீணை வாசிப்பவர்கள் உண்டு. கீபோர்டில் கீர்த்தனை வாசித்துப் பழகியவர்களும் உண்டு. ஜாஸ் பக்கம் வந்ததுமே உங்கள் கையில் யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்திருப்பார்கள். அயோனியன் என்றால் சங்கராபரணம், டோரியன் என்றால் கரகரப்பிரியா, ஃப்ரிஜியன் என்றால் தோடி, லிடியன் என்றால் கல்யாணி, மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி, ஏயோலியன் என்றால் நடபைரவி. ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் பட்டியலில் பிழையில்லை. கிரகபேதம் படித்த உங்களுக்கு இந்த ஆறும் ஒன்றுக்குள் ஒன்று இருப்பது புதுச் செய்தியும் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தப் பட்டியலை மட்டும் நம்பி ஜாஸ் வாசிப்பவர் ஸ்வரம் பிசகுவதில்லை. இருந்தும் பியானோ ஒரு பேச்சைப் பேச, இவர் வேறொரு பேச்சைப் பேசுவதுபோல் கேட்கிறது. ராகத்தில் ஒரு ஸ்வரத்தின் குணத்தை ஆதார ஷட்ஜமமும் அதற்கு முன்னும் பின்னும் வரும் ஸ்வரங்களும் தீர்மானிக்கின்றன. ஜாஸில் அதே ஸ்வரத்தின் குணத்தை, அந்த நேரத்தில் அடியில் ஒலிக்கும் கார்டும் அடுத்து வரவிருக்கும் கார்டும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. டோரியன் என்ற ஒரே ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அருகில் ஒரு கீபோர்டு இருந்தால் நல்லது. கைப்பேசியில் இருக்கும் சின்ன கீபோர்டு செயலிகூடப் போதும்.

முதலில் ஸ்வரங்கள். ஷட்ஜமத்தை டியில், அதாவது 2 கட்டையில், வைத்துக்கொள்ளுங்கள். டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி. எல்லாமே வெள்ளைக் கீகள். நம் கணக்கில் ச, ரி2, க2, ம1, ப, த2, நி2, 22-ஆவது மேளம். கறுப்புக் கீயையும் சேர்த்து, ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு உள்ள தூரத்தை ஒரு செமிடோன் என்பார்கள். அப்படி அளந்தால் டோரியனின் படிகள் 2, 1, 2, 2, 2, 1, 2. பின்னாலிருந்து படித்தாலும் இதே வரிசைதான் வருகிறது. பூர்வாங்கமும் உத்தராங்கமும் ஒரே அச்சு. நடுவில் இரண்டு செமிடோன் இடைவெளி. நாம் மனப்பாடமாகப் பாடும் ராகத்தின் இந்தச் சமச்சீரை விரலால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது இடைவெளிகள். ஷட்ஜமத்திலிருந்து ரி இரண்டு செமிடோன், க மூன்று, ம ஐந்து, ப ஏழு, த ஒன்பது, நி பத்து. இவற்றுக்கு ஜாஸ்காரர்கள் சொல்லும் பெயர்கள் முறையே மேஜர் செகண்ட், மைனர் தேர்டு, பெர்ஃபெக்ட் ஃபோர்த், பெர்ஃபெக்ட் ஃபிஃப்த், மேஜர் சிக்ஸ்த், மைனர் செவன்த். இதுவரை நமக்கும் அவர்களுக்கும் பெயரில்தான் வேறுபாடு. ஆனால் நாம் எப்போதும் ஷட்ஜமத்திலிருந்தே அளந்து பழகியவர்கள். ஜாஸில் எந்த ஸ்வரத்திலிருந்தும் எந்த ஸ்வரத்துக்கும் அளக்கத் தெரிய வேண்டும். காந்தாரத்திலிருந்து தைவதத்துக்கு அளந்து பாருங்கள்: எஃப் முதல் பி வரை ஆறு செமிடோன். ஸ்தாயியைச் சரிபாதியாகப் பிளக்கும் இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர். ஏழு ஸ்வரங்களில் எந்த இரண்டை எடுத்தாலும் இந்த இடைவெளி ஒரே ஒரு ஜோடிக்குத்தான் கிடைக்கும்.

இடது கையால் டியையும் ஏயையும் தம்பூராபோல் பிடித்துக்கொண்டு, வலது கையால் எஃப், பி இரண்டையும் ஒன்றாக அழுத்துங்கள். காந்தாரத்தில் மைனரின் நிழல், தைவதத்தில் ஒரு வெளிச்சம், இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுபறி. இனி பிக்குப் பதில் அதற்குக் கீழே உள்ள கறுப்புக் கீயை, அதாவது பி ஃபிளாட்டை, எஃப்போடு சேர்த்து அழுத்துங்கள். இழுபறி போய்விடும். த2 இருந்த இடத்துக்கு த1 வந்துவிட்டது. நடபைரவி, அவர்கள் மொழியில் ஏயோலியன். இரண்டு ஸ்கேல்களுக்கும் வித்தியாசம் இந்த ஒரு ஸ்வரம்தான். டோரியனை டோரியனாக்குவது அந்தத் தைவதமே.

இனி கார்டு. பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவதுதான் கார்டு. கட்டும் முறை எளிது: ஸ்கேலில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்க வேண்டும். ச, க, ப, நி என்று எடுத்தால் டி, எஃப், ஏ, சி. இதன் பெயர் டி மைனர் செவன். நிறுத்தாமல் மேலே போனால் மேல்ஸ்தாயியில் ரி, ம, த வரும். ஒன்பதாவது, பதினொன்றாவது, பதிமூன்றாவது என்று ஜாஸ்காரர்கள் சொல்வது இவற்றைத்தான். ஸ்கேலின் ஏழு ஸ்வரங்களும் ஒரே அடுக்கில் நின்றுவிட்டன. ஆக, ஸ்கேல் என்பது படுக்கையாகக் கிடக்கும் கார்டு. கார்டு என்பது நிமிர்ந்து நிற்கும் ஸ்கேல். இந்த அடுக்கின் இடைவெளிகள் 3, 4, 3, 4, 3, 4 என்று மாறி மாறி வருகின்றன.

இந்த அடுக்கில் ஒரு விசேஷம் இருக்கிறது. அது தெரிய, முதலில் சங்கராபரணத்தோடு ஒப்பிட வேண்டும். சியை ஷட்ஜமமாக வைத்து சி, ஈ, ஜி, பி என்ற சி மேஜர் செவன் கார்டைப் பிடித்துக்கொண்டு, மேலே எஃப்பில், அதாவது சுத்த மத்யமத்தில், நீண்ட கார்வை கொடுங்கள். உறுத்தும். அடியில் அந்தர காந்தாரமான ஈ ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயியும் ஒரு செமிடோனும் மேலே எஃப் வந்து உராய்கிறது. ஜாஸ் பாடப் புத்தகங்கள் இப்படிப்பட்ட ஸ்வரத்தை அவாய்டு நோட், அதாவது நின்றுவிடக் கூடாத ஸ்வரம், என்கின்றன. சங்கராபரணத்தில் மத்யமத்தில் நிற்காதே என்று எந்தக் குருவாவது உங்களிடம் சொன்னதுண்டா? சொல்ல மாட்டார். தம்பூராவில் ஷட்ஜமமும் பஞ்சமமும்தான் இருக்கின்றன; காந்தாரத்தை யாரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஸ்வரம் அதே ஸ்வரம்தான். அடியில் நிற்பது மாறியதும் சட்டமும் மாறிவிட்டது.

டோரியனில் இந்த உராய்வு கிடையாது. ரி, ஷட்ஜமத்துக்கு இரண்டு செமிடோன் மேலே. ம, காந்தாரத்துக்கு இரண்டு மேலே. த, பஞ்சமத்துக்கு இரண்டு மேலே. எதுவும் ஒரு செமிடோனில் முட்டவில்லை. டி மைனர் செவன் கார்டின் மேல் ஏழு ஸ்வரங்களில் எதில் வேண்டுமானாலும் தங்கலாம். ஜாஸ் ஆசிரியர்கள் மைனர் செவன் கார்டுக்கு டோரியனை முதலில் சொல்லித்தருவது இதனால்தான்.

இருந்தும் சில ஆசிரியர்கள் தைவதத்தில் நிற்க வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால் இந்த மடலின் பாதியைப் புரிந்துகொண்டதாகும். பழைய ஜாஸ் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நடை டூ-ஃபைவ்-ஒன். சி மேஜரில் அது டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். முதல் கார்டில் சி, எஃப் இரண்டும் இருக்கின்றன. இரண்டாவது கார்டுக்குப் போகும்போது எஃப் அங்கேயே நிற்க, சி ஒரு செமிடோன் இறங்கி பி ஆகிறது. மூன்றாவதுக்குப் போகும்போது பி நிற்க, எஃப் இறங்கி ஈ ஆகிறது. இரண்டே இறக்கங்கள், கேட்பவர் காதுக்குக் கிடைக்கும் கதை இவ்வளவுதான். ஜி செவனின் உயிர் எஃப், பி டிரைடோன். டி மைனர் செவன் ஒலிக்கும்போதே நீங்கள் பியில் போய் நின்றால், அடுத்து வர வேண்டிய கார்டு முன்கூட்டியே வந்துவிடும். கதையின் திருப்பத்தை நீங்களே போட்டு உடைத்துவிடுவீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த நடையில் வீடு எது? டி அல்ல, சி. டி மைனர் செவன் வழியில் வரும் ஒரு நிறுத்தம் மட்டுமே. அங்கே டோரியன் என்று புத்தகம் பெயர் போட்டிருந்தாலும், கர்நாடகக் காதுக்கு அது ரிஷபத்தில் தொடங்கும் சங்கராபரணம்தான். கரகரப்பிரியா என்று நினைத்து டியில் போய் விச்ராந்தியாக உட்கார்ந்தால், வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே எந்தப் பாட்டைக் கையில் எடுத்தாலும் ‘என்ன ஸ்கேல்?’ என்று கேட்பதற்கு முன் ‘வீடு எங்கே?’ என்று கேளுங்கள்.

டி உண்மையிலேயே வீடாக இருக்கும் ஜாஸும் இருக்கிறது. 1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றவர்கள் வளர்த்த பீபாப்பில் கார்டுகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும். மாறும் ஒவ்வொரு கார்டையும் தொட்டுக் காட்டுவதில்தான் வாசிப்பவரின் கெட்டிக்காரத்தனம். ஜார்ஜ் ரஸ்ஸல் 1953-இல் வெளியிட்ட கோட்பாட்டு நூலில் கார்டையும் ஸ்கேலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் வழியைக் காட்டினார். அவரோடு வாசித்த பியானோ கலைஞர் பில் எவன்ஸ். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் தன் குழுவுடன் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பைப் பதிவு செய்தபோது, ஒரு பாடலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பியானோ எவன்ஸுடையது. நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஸ்டூடியோவில் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாட்களில் பதிவு நடந்தது. அதன் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. எங்கும் போகாமல் டோரியனிலேயே நிற்கிறது அந்தப் பாட்டு.

அதன் அமைப்பு 32 பார், ஒவ்வொன்றும் நான்கு அடி. இரண்டு பாரை ஓர் ஆதிதாள ஆவர்த்தனமாகப் போட்டு எண்ணினால் 16 ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனம் டி டோரியன். அடுத்த நான்கு ஒரு செமிடோன் மேலே, ஈ ஃபிளாட் டோரியன். கடைசி நான்கு மீண்டும் டி. நம் பேச்சில் 2 கட்டை, இரண்டரைக் கட்டை, மறுபடி 2 கட்டை. கச்சேரியில் நடுவில் சுருதியை மாற்றுவதை நம்மால் நினைத்தும் பார்க்க முடியாது. கிரகபேதத்தில்கூடத் தம்பூரா அசைவதில்லை. இங்கே தம்பூராவே எழுந்து அடுத்த படியில் போய் உட்காருகிறது. இரண்டு ஸ்கேல்களுக்கும் பொதுவான ஸ்வரங்கள் எஃப், சி இரண்டு மட்டுமே. டியில் காந்தாரமாக இருந்த எஃப், ஈ ஃபிளாட்டில் ரிஷபம். நிஷாதமாக இருந்த சி அங்கே தைவதம். மாறும் இடத்தில் இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடந்தால் தடுமாற்றம் இருக்காது.

அந்தப் பாட்டில் பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்க, இரண்டு கார்டுகள் பதில் சொல்கின்றன. எவன்ஸின் கையில் பிறந்த அந்தக் கார்டுக்கு இன்று உலகெங்கும் ‘ஸோ வாட் கார்டு’ என்றே பெயர். கீழிருந்து மேலாக முதலாவது ஈ, ஏ, டி, ஜி, பி; நமக்கு ரி, ப, ச, ம, த. இரண்டாவது டி, ஜி, சி, எஃப், ஏ. நமக்கு ச, ம, நி, க, ப. ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கும் வழக்கத்தை விட்டு, ஐந்து ஐந்து செமிடோன்களாக மூன்று ஃபோர்த்துகளை அடுக்கி, உச்சியில் மட்டும் நான்கு செமிடோன் மேஜர் தேர்டை வைத்திருக்கிறார். இரண்டு கார்டுகளுக்கும் வடிவம் ஒன்றே; அப்படியே ஒரு படி இறங்குகிறது, அவ்வளவுதான். முதலாவதில் காந்தாரமும் நிஷாதமும் இல்லை. இரண்டாவதில் ரிஷபமும் தைவதமும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஏழு ஸ்வரமும் நிறைந்துவிடுகின்றன. அந்தத் தைவதம் முதல் கார்டின் உச்சியில், எல்லோர் காதிலும் விழும் இடத்தில் நிற்கிறது. இங்கே ஜி செவன் வரப்போவதில்லை. உடைப்பதற்குத் திருப்பம் ஏதும் இல்லை. டூ-ஃபைவ்-ஒன்னில் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த ஸ்வரத்துக்கு இங்கே ராஜ மரியாதை.

இதே பதிவில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், அதே 1959 மே மாதத்தில் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டைப் பதிவு செய்தார். அதில் பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று வீடுகள். 16 பாருக்குள் மூன்றுக்கும் ஓட வேண்டும். பின்னர் ‘ஸோ வாட்’டின் 32 பார் அமைப்பை அப்படியே எடுத்து ‘இம்ப்ரெஷன்ஸ்’ என்ற பாட்டாகவும் வாசித்தார். இந்திய இசையில் அவருக்கு இருந்த ஈடுபாடு ஊரறிந்தது. மகனுக்கு ரவி என்று பெயர் வைத்ததே ரவிசங்கர் நினைவாகத்தான். நீங்கள் அங்கே போவதற்கு முன்பே அவர் இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டார்.

அப்படியானால் கரகரப்பிரியாவில் நீங்கள் சேர்த்துவைத்ததை என்ன செய்வது? ‘சக்கனி ராஜ’ கற்றவர்களுக்கு, அந்த ராகம் வெறும் ஏழு ஸ்வரம் இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அசைத்துப் பாடும் காந்தாரமும் நிஷாதமும் பிடிகளும் இல்லாமல் கரகரப்பிரியா இல்லை. அவை எதுவும் டோரியனுக்குத் தேவையும் இல்லை. பியானோ எஃப்பை நேராகப் பிடித்திருக்கும்போது நீங்கள் காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே நீண்ட நேரம் ஆட்டினால் இரண்டும் மோதும். கமகத்தை மூட்டை கட்டி வைக்கச் சொல்லவில்லை. ஜாஸ் ஊதுகருவிக்காரர்களும் ஸ்வரத்தை வளைக்கிறார்கள், கீழிருந்து ஏறிப் பிடிக்கிறார்கள். கார்டு மாறும் இடத்திலும் நீண்ட கார்வையிலும் ஸ்வரத்தை நேராக நிறுத்துங்கள், நகரும்போது அசையுங்கள். எதைக் குறைவாகப் பாடுவது, எங்கே மௌனம் விடுவது என்பதை மைல்ஸ் டேவிஸின் தனி வாசிப்பிலிருந்து கற்கலாம். கல்பனா ஸ்வரத்தை வேகக் கணக்காக்கிவிட்டவர்களுக்கு அது நல்ல மருந்து.

பயிற்சிக்குச் சில வழிகள் சொல்கிறேன். இடது கையில் டி மைனர் செவனைப் பிடித்துக்கொண்டு ரி, ம, த மூன்றையும் ஒவ்வொன்றாக நீண்ட கார்வையில் பாடுங்கள். ஒவ்வொன்றின் நிறத்தையும் காது தனித்தனியே அறிய வேண்டும். அடுத்து டூ-ஃபைவ்-ஒன்னை வாசித்து ‘சி, பி, பி’ என்று ஒருமுறையும் ‘எஃப், எஃப், ஈ’ என்று ஒருமுறையும் பாடுங்கள். தம்பூராச் செயலியை அப்போது அணைத்துவிடுங்கள். வீடு சியில் இருக்கும்போது டி சுருதி ஒலித்தால் காது குழம்பும்.

பிறகு டி மைனர் செவனுக்குத் திரும்பி, டியையே ஷட்ஜமமாக வைத்து சுத்த தன்யாசி, மத்யமாவதி, சுத்த சாவேரி மூன்றின் ஸ்வரங்களையும் அதன்மேல் மாறி மாறி வாசியுங்கள். மூன்றும் டோரியனுக்குள் அடங்கியவை. ஜாஸ்காரர்கள் இவற்றை முறையே டி மைனர், ஏ மைனர், ஈ மைனர் பென்டடோனிக் என்பார்கள். முதலாவது மண்ணில் நிற்கும். காந்தாரமே இல்லாத மற்ற இரண்டும் கார்டுக்கு மேலே மிதக்கும். மூன்றில் தைவதம் இருப்பது சுத்த சாவேரியில் மட்டுமே. ஆகவே டோரியனின் வெளிச்சம் கிடைப்பதும் அதில்தான்.

‘ஸோ வாட்’ பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை. மார்ச் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய இசைத்தட்டுகளில் முதல் பக்கப் பாடல்கள் கொஞ்சம் வேகமாகவும் சுருதி சற்று உயர்ந்தும் ஒலிக்கும். 1990-களில்தான் இதைத் திருத்திய பதிப்பு வந்தது. உங்களுக்குக் கிடைத்த பதிவு 2 கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவில் நின்றால் உங்கள் காதைச் சந்தேகிக்காதீர்கள். திருத்திய பதிப்பைத் தேடுங்கள்.

டோரியன் காதில் உட்கார்ந்த பிறகு மெலோடிக் மைனருக்குப் போங்கள். ஜாஸில் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒன்றாகவே வாசிக்கும் இந்த ஸ்கேலின் ஸ்வரங்கள் கௌரிமனோகரி. கிரகபேதத்தில் அது நாடகப்பிரியா, வாசஸ்பதி, சாருகேசி என்று மூன்று மேளங்களைத் தரும். மற்ற மூன்று ஸ்வரங்களை ஷட்ஜமமாக்கினால் பஞ்சமம் கிடைக்காததால் அவற்றை நாம் மேளமாக ஏற்பதில்லை. ஜாஸ் அந்த மூன்றையும் விடவில்லை. நிஷாதத்தில் தொடங்குவதற்கு ஆல்டர்டு ஸ்கேல் என்று பெயர் வைத்து, வீடு திரும்புவதற்கு முந்தைய டாமினன்ட் கார்டின் மேல் வாசிக்கிறது. மேளகர்த்தா அட்டவணையில் அதற்கு எண் கிடையாது. கார்டைக் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்த ஸ்கேலைக் கற்றாலும் அதன் ஸ்வரங்களோடு நிறுத்தாதீர்கள். ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரங்களை அளந்து பாருங்கள், கார்டுகளாக நிமிர்த்திப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெவ்வேறு கார்டுகளின் மேல் பாடிப் பாருங்கள். பத்து ஸ்கேல்களின் பெயரை ஒப்பிப்பதைவிட, ஒரே ஸ்கேலை இப்படி முழுதாக அறிவது உங்களை நல்ல ஜாஸ் கலைஞராக்கும்.

அன்புடன்,
உங்களைப் போலவே இரண்டு பக்கமும் காது கொடுக்கும் ஒரு கீபோர்டு ஆசிரியர்